பயாப்சி ரிப்போர்ட் வந்தாச்சு: லைக்கன் ஸ்கிலரோசஸ். ஆனா எனக்கு ஏன் வந்தது?

திண்ணைமல்லி · ஞாயிறு, இரவு 9:40

தலைப்பைப் பார்த்துத்தான் உள்ளே வந்திருப்பீங்க, அதனால நேரா சொல்லிடறேன். "பூஞ்சை, வெள்ளைபடுதல், சுத்தமா வெச்சுக்கோங்க." இந்த மூணையே கேட்டுக் கேட்டு நாலு வருஷம் போச்சு. போன புதன்கிழமைதான் பயாப்சி ரிப்போர்ட் கைக்கு வந்தது. பிறப்புறுப்புத் தோல் வெளுத்துச் சுருங்கி அரிக்கிற நோயாம் இது.

வயசு 47, ஊர் திருச்சி. ஒரு பள்ளிக்கூட ஆபீஸ்ல கணக்கு எழுதுறேன். பகல்ல வேலை ஓட்டத்துல மறந்துடும். ராத்திரி படுத்தா ஆரம்பிக்கும். தூக்கத்துலயே சொறிஞ்சிருப்பேன், காலையில பார்த்தா நகத்துல ரத்தம். ஒண்ணுக்குப் போனா மிளகாய்த்தூள் பட்ட மாதிரி எரிச்சல். பின்பக்கமும் வெடிப்பு. முதல்ல போன லேடி டாக்டர் என்னைப் படுக்க வெச்சுப் பார்க்கவே இல்லை. நாற்காலியில உட்கார்ந்தபடியே சொன்னேன், அவங்களும் உட்கார்ந்தபடியே மாத்திரை எழுதினாங்க. ரெண்டாவது டாக்டர் பார்த்தாங்க. "வெள்ளையா இருக்கே, வெண்புள்ளி ஆரம்பமோ"ன்னாங்க. பொண்ணுக்கு வரன் பார்த்துட்டிருந்த நேரம் அது. அன்னிக்கு மொட்டைமாடிக்குப் போய் அழுதேன்.

மூணாவதா பார்த்தவங்க தோல் டாக்டர். லென்ஸ் வெச்சுப் பார்த்துட்டு, "தோல் சிகரெட் தாள் மாதிரி சுருங்கியிருக்கு, சின்ன உதடு ரெண்டும் பாதி மறைஞ்சிடுச்சு, சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்புவோம்"னாங்க. மரத்துப் போற ஊசி போட்டுட்டு அரிசி அளவு எடுத்தாங்க. ரெண்டு நாள்ல ஆறிடுச்சு.

இப்ப என் கேள்வி. ஏன் வந்ததுன்னு கேட்டா, "உறுதியா சொல்ல முடியாதும்மா, ஆனா மருந்து இருக்கு"ங்கறாங்க. எனக்கு அது செரிக்கல. நான் கணக்கு எழுதுறவ. 10 ரூபா இடிச்சாலும் அது எங்கன்னு தெரியாம வீட்டுக்குப் போக மாட்டேன். 2021லிருந்து ஒரு நோட்டு போட்டு வெச்சிருக்கேன். என்ன சாப்பிட்டேன், என்ன சோப்பு, எந்தப் பாவாடை, என்னிக்கு அரிப்பு, எல்லாம் அதுல இருக்கு. கத்தரிக்காய், கருவாடு, நாப்கின், தடுப்பூசி, சோப்புத்தூள்னு ஒண்ணு விடாம சந்தேகப்பட்டாச்சு. சொல்லக்கூடாது, வீட்டுக்காரரையும் சந்தேகப்பட்டேன். எதுவும் பொருந்தல.

யாருக்காவது காரணம் தெரிஞ்சா சொல்லுங்க.


இழைக்காவலர் · ஞாயிறு, இரவு 9:58

படம் போடாதீங்க. மருந்துக் கம்பெனி பேர், டாக்டர் பேர், ஆஸ்பத்திரி பேர் வேண்டாம். ஆண்கள் படிக்கலாம். எழுதறதா இருந்தா மரியாதையா எழுதணும். முன்ன இதே மாதிரி ஒரு இழை எந்த லட்சணத்துல முடிஞ்சதுன்னு பழைய ஆட்களுக்குத் தெரியும்.


வேம்பும்மஞ்சளும் · ஞாயிறு, இரவு 10:20

உடம்பு சூடுதாங்க காரணம். சனிக்கிழமை சனிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சவங்களுக்கு இதெல்லாம் வந்ததே இல்லை. படிகாரம் கரைச்ச தண்ணியில காலையும் மாலையும் கழுவுங்க, வேப்பிலை அரைச்சுப் போடுங்க, 48 நாள்ல போயிடும். ஸ்டீராய்டுன்னா மட்டும் கிட்டவே போகாதீங்க. எங்க நாத்தனார் முகத்துக்குப் போட்டு முகமே சிவந்து போச்சு.


கண்ணாடித்தகடு · ஞாயிறு, இரவு 11:15

மல்லி, நான் 31 வருஷம் நோய்க்குறியியல் லேப்ல சதை வெட்டி ஸ்லைடு போட்டவ. டாக்டர் இல்லை, அதை முதல்லயே சொல்லிடறேன். ஆனா உங்க நோய் எத்தனையோ தடவை என் கை வழியா போயிருக்கு. அதனால பார்த்ததைச் சொல்றேன்.

ஸ்லைடுல இது மூணு அடுக்கா தெரியும். மேல்தோல் மெலிஞ்சு கிடக்கும். அதுக்குக் கீழ, நார் நாரா தெரிய வேண்டிய இடம் எல்லாம் ஒண்ணாக் கலந்து, ஆறின கஞ்சி மேல ஏடு படிஞ்ச மாதிரி வெளுப்பா இருக்கும். அதுக்கும் கீழ நீலப் புள்ளி புள்ளியா ஒரு பட்டை. அது லிம்போசைட், நம்ம உடம்போட சொந்தக் காவல்படை. பூஞ்சையும் இல்லை, கிருமியும் இல்லை. காவல்படை அங்க வந்து கூடாரம் போட்டிருக்கு. யாரைப் பிடிக்க வந்ததுங்கறதுதான் உங்க கேள்வி. அதே கேள்வியை 130 வருஷத்துக்கு மேல கேட்டுட்டிருக்காங்க.

1887ல பாரிஸ்ல அலோப்போங்கற தோல் மருத்துவர் இதை எழுதி வெச்சார். 1892ல டாரியே ஸ்லைடுல பார்த்ததை எழுதினார். அதுக்கும் முன்ன, 1885லயே ப்ரைஸ்கிங்கற மகப்பேறு மருத்துவர் சுருங்கின பிறப்புறுப்பைப் பத்தி எழுதி அதுக்கு வேற பேர் வெச்சுட்டார். தோல் டாக்டர் ஒரு பேர், பெண்கள் டாக்டர் ஒரு பேர்னு ஆளுக்கொண்ணா சொல்லிச் சொல்லி, ரெண்டும் ஒண்ணுதான்னு ஒத்துக்கவே பல பத்து வருஷம் ஆச்சு. காரணம் தேடறது பிந்தினதுக்கு அதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன். ஒரே ஆளை ரெண்டு பேர்ல ரெண்டு ஸ்டேஷன்ல தேடினா எப்படிப் பிடிக்கிறது?

வேம்பும்மஞ்சளும், படிகாரம் தோலை இறுக்கி உலர்த்தும். ஏற்கெனவே வெடிச்ச தோல் அது. தயவுசெஞ்சு வேண்டாம்.


கேட்கவந்தவன் · திங்கள், காலை 6:05

மன்னிக்கணும், ஆண்தான். மனைவிக்கு இதே நோய்னு போன மாசம் சொன்னாங்க. ஒரே கேள்வி, இது தொத்துமா? அவளிடம் கேட்கவும் கூச்சம், டாக்டரிடம் கேட்கவும் கூச்சம்.


கண்ணாடித்தகடு · திங்கள், காலை 6:30

தொத்தாது. உங்ககிட்டேருந்து அவங்களுக்கும் வரல, அவங்ககிட்டேருந்து உங்களுக்கும் வராது. இதை இன்னிக்கே அவங்க காதுல விழற மாதிரி சொல்லுங்க. மல்லி எழுதினதைப் படிச்சீங்கல்ல, வீட்டுக்காரரையே சந்தேகப்பட்டாங்களாம்.


பனங்காய்ப்பணியாரம் · திங்கள், காலை 7:45

நான் கனடாவில ஸ்கார்பரோவில இருக்கிறன், சொந்த ஊர் பருத்தித்துறை. இது எனக்கில்லை, என்ர மகளுக்கு. எட்டு வயசு.

கக்கூசுக்குப் போகப் பயந்து இரண்டு வருசமா அழுதவள். மலச்சிக்கல் எண்டு சொல்லித்தான் மருந்து தந்தவை. பிறகு ஒரு கிளினிக்கில பார்க்கேக்க அந்த இடத்தில கண்டின மாதிரி, தோலுக்குக் கீழ இரத்தம் உறைஞ்சு இருந்தது. பிள்ளையைத் தாதியோட வெளியில அனுப்பிப்போட்டு, வீட்டில ஆர் ஆர் இருக்கினம், பிள்ளையை ஆர் குளிப்பாட்டுறது எண்டு என்னட்டக் கேட்டினம். எனக்கு விளங்க இரண்டு நிமிசம் எடுத்தது. விளங்கினாப் பிறகு கால் நடுங்கத் தொடங்கிட்டுது.

ஆறு கிழமை அப்பிடியே போச்சுது. பிறகு பிள்ளைகளின்ர தோல் வைத்தியர் ஒருத்தர் பார்த்த உடனயே சொல்லிப்போட்டா, இது லைக்கன் ஸ்கிலரோசஸ், இந்த நோயில இரத்தம் கண்டிறது வழமை எண்டு. எல்லாம் முடிஞ்சுது. ஆனா என்ர மாமனார் அண்டையில இருந்து பேத்தியை மடியில வச்சிருக்கிறேல்லை. ஆரும் அவரைக் குற்றம் சொல்லேல்லை. அவருக்குக் கேட்டிருக்கு, அவ்வளவுதான்.

மல்லி அக்கா, நீங்கள் உங்களுக்கு ஏன் வந்தது எண்டு கேக்கிறியள். எட்டு வயசுப் பிள்ளை என்ன செய்தது எண்டு நான் கேக்கிறன். கருவாடும் தின்னாது, நாப்கினும் போடாது.


திண்ணைமல்லி · திங்கள், மதியம் 1:10

தங்கச்சி, டிபன் பாக்ஸைத் திறந்து வெச்சுட்டு உங்க பதிவைப் படிச்சேன். அப்புறம் மூடிட்டேன்.

நீங்க சொன்னதுல என் நோட்டுல பாதிக்குக் கோடு போட்டு அடிச்சாச்சு. குழந்தைக்கும் வருதுன்னா என் பட்டியல்ல இருக்கிற முக்காவாசி காரணமா இருக்க முடியாது.


மயிலைமாமி71 · திங்கள், மாலை 4:30

அடி பொண்களா, நானும் சொல்லிடறேன். எனக்கு 71. இந்தச் சங்கடம் எனக்கு 39 வயசுலயே வந்துடுத்து. அப்போல்லாம் ஹார்மோன் குறைச்சல்தான் காரணம்னு டாக்டர்கள் சொல்லுவா. எனக்கு என்ன களிம்பு குடுத்தா தெரியுமோ? ஆண் ஹார்மோன்! டெஸ்டோஸ்டிரோனை வாசலின்ல கலந்து குடுத்தா. மீசை முளைச்சுடுமோன்னு தினம் கண்ணாடி பார்ப்பேன். ஆத்துக்காரர் கேலி பண்ணிண்டே இருப்பார். கொஞ்சம் இதமா இருந்ததென்னமோ நிஜம். ஆனா போகலை.

சின்னக் குழந்தைகளுக்கும் தீட்டு நின்னவாளுக்கும் ஜாஸ்தி வரதுங்கறாளே, ரெண்டு பேருக்கும் ஈஸ்ட்ரோஜன் கம்மிதானே? அப்போ ஹார்மோன்தானே காரணம்?


வியாழன்ஓபி · திங்கள், இரவு 10:50

தோல் மருத்துவர்தான். அரசு மருத்துவமனை. வியாழக்கிழமை எங்கள் ஓபியில் இந்தப் பிரச்சினைக்கென்றே சிலர் வருவார்கள், கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசுவார்கள். இங்கே யாருக்கும் வைத்தியம் சொல்ல முடியாது. காரணம் பற்றிப் பேசலாம்.

மாமியின் கேள்வி நல்ல கேள்வி. மருத்துவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள், அதனால்தான் உங்களுக்கு அந்தக் களிம்பு. 1994இல் இத்தாலியில் ஒரு ஆய்வு வந்தது. பாதிப் பேருக்கு டெஸ்டோஸ்டிரோன் கலந்தது, மீதிப் பேருக்கு வெறும் வாசலின். இரண்டு பக்கமும் ஒரே மாதிரிதான் இதம் கிடைத்தது. மாமி, உங்களுக்கு இதமாக இருந்தது வாசலின்! ஈஸ்ட்ரோஜன் கிரீமும் வறட்சிக்கு உதவும், இந்த நோயை அடக்காது. 20, 30 வயதுப் பெண்களுக்கும் வருகிறது, ஆண்களுக்கும் வருகிறது. ஆக ஹார்மோன் தனியாகக் குற்றவாளி இல்லை. வாசலைத் திறந்துவிடும் ஆளாக இருக்கலாம்.

இன்னொரு தடயம் குடும்பம். 2010இல் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வு ஒன்றில், இந்த நோயுள்ள 1052 பெண்களைக் கேட்டபோது 12 சதவீதம் பேருக்குக் குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இருந்தது. கேட்டால் சொல்லக்கூடிய நோயா இது? வெளியே வராதது எவ்வளவோ இருக்கும்.

மூன்றாவது, உடம்பு தன்னையே தாக்கிக்கொள்வது. ஆக்ஸ்ஃபோர்டில் 2008இல் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இந்த நோயுள்ள பெண்களில் 100க்கு 28 பேருக்கு வேறொரு தன்னெதிர்ப்பு நோயும் இருந்தது, முக்கியமாகத் தைராய்டு. நோய் இல்லாத பெண்களில் 100க்கு 9 பேர்தான். அதனால்தான் நாங்கள் தைராய்டு பார்த்துவிடச் சொல்கிறோம். மல்லி, உங்களுக்குப் பார்த்தார்களா?


கண்ணாடித்தகடு · செவ்வாய், காலை 5:50

டாக்டரம்மா அந்த இ.சி.எம்.1 கதையைச் சொல்லாம விட்டுட்டாங்க, நான் சொல்றேன். எனக்குப் பிடிச்ச கதை.

லிப்பாய்டு புரோட்டினோசிஸ்னு ஒரு அபூர்வமான பரம்பரை நோய் இருக்கு. குழந்தையிலயே குரல் கரகரத்துப் போகும், தோல் தடிச்சுத் தழும்பாகும். இ.சி.எம்.1ங்கற புரதத்தைச் செய்யற மரபணு பழுதானதுதான் காரணம்னு 2002ல கண்டுபிடிச்சாங்க. தோலோட நாரையெல்லாம் சேர்த்துப் பிடிக்கிற பசை மாதிரி அந்தப் புரதம். லண்டன்ல இருந்தவங்க அந்த ஸ்லைடையும் நம்ம நோயோட ஸ்லைடையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்த்தாங்க. சாயல் இருந்தது. அங்க பிறவியிலேயே அந்தப் பசை இல்லை, இங்க உடம்பே அதை எதிரின்னு அடிக்குதோன்னு ஒரு யோசனை. ரத்தத்துல தேடினாங்க. 2003ல ஓயாமாவும் கூட இருந்தவங்களும் லான்செட்ங்கற மருத்துவ இதழ்ல எழுதினாங்க: நோயுள்ள பெண்கள்ல மூணுல ரெண்டு பங்கு பேருக்கு அந்தப் புரதத்துக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கு, நோய் இல்லாதவங்கள்ல 100க்கு 7 பேருக்குத்தான் இருக்கு.

நான் அப்ப வேலையில இருந்தேன். பிடிபட்டுட்டான்னு லேப்ல எல்லாரும் பேசிக்கிட்டோம். எங்க பேராசிரியர் மட்டும் சொன்னார்: "வீடு இடிஞ்ச இடத்துல செங்கல் பொறுக்கறவனைப் பார்த்தா, அவன்தான் இடிச்சான்னு ஆயிடுமா?" ஆன்டிபாடி முதல்ல வந்து தோலைக் கெடுத்ததா, இல்லை தோல் கெட்டு உள்ளே இருந்த புரதம் வெளியே தெரிஞ்சதால ஆன்டிபாடி வந்ததா? அந்தக் கேள்வி இன்னும் அப்படியேதான் நிக்குது.


செங்குருவி · செவ்வாய், மதியம் 12:20

நான் ஜெர்மனியில் இருக்கிறேன். இங்கே உண்ணி கடித்துப் பரவும் பொரேலியா கிருமிதான் காரணம் என்று ஒரு குழுவே இருக்கிறது. மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்கிறார்கள்.


வியாழன்ஓபி · செவ்வாய், மதியம் 2:05

அந்தச் சந்தேகம் பல வருடங்களாக உண்டு. ஆஸ்திரியா பக்கம் திசுவில் பார்த்ததாக எழுதினார்கள், அமெரிக்காவில் தேடியவர்களுக்குக் கிடைக்கவில்லை. பொரேலியாவே இல்லாத இடங்களிலும் இந்த நோய் இருக்கிறது. இதற்காக மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் எடுக்க என் நோயாளிக்கு நான் எழுத மாட்டேன். ஓபி முடியவில்லை, இரவு வருகிறேன்.


பெயர்வேண்டாம்29 · செவ்வாய், இரவு 11:30

எனக்குக் கல்யாணமாகி ஏழு மாசம். ஒவ்வொரு தடவையும் கீழ கிழிஞ்சு எரியுது. பயந்தாங்கொள்ளின்னு மாமியார்கிட்டேயே அவர் சொல்லிட்டார். நேத்து இந்த இழையைப் படிச்சதும் டார்ச்சும் கண்ணாடியும் வெச்சுப் பார்த்தேன். வெள்ளையா இருக்கு. கல்யாணத்தாலதான் வந்துச்சா?


வியாழன்ஓபி · புதன், அதிகாலை 12:15

இல்லையம்மா. முன்பே இருந்திருக்கும், உராய்வில் வெடித்து இப்போது தெரிகிறது. இந்த நோயுள்ள தோல் கீறினால், உரசினால், தையல் போட்டால் அந்த இடத்திலேயே நோய் கிளம்பும். கோப்னர் நிகழ்வு என்போம். வெள்ளையாக இருப்பதெல்லாம் இதுவும் அல்ல. வெண்புள்ளி என்றால் நிறம் மட்டும்தான் போகும், அரிக்காது, கிழியாது. லைக்கன் பிளேனஸ் என்று இன்னொன்று யோனிக்குள்ளும் போகும். இது உள்ளே போகாது, வெளியே மட்டும். பார்த்தால்தான் சொல்ல முடியும். மருந்தைத் தொடங்கும் முன் ஒரு தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். களிம்பு போட்டுக்கொண்டே பயாப்சி எடுத்தால் ஸ்லைடு குழப்பும்.

பயந்தாங்கொள்ளி இல்லை. காயம் பட்ட இடத்தில் வலிக்கிறது.


கண்ணாடித்தகடு · புதன், காலை 6:10

தோலுக்கு என்ன கோளாறுன்னு பேசிட்டே இருக்கோம். இடத்துக்கு என்ன கோளாறுன்னும் கேட்கணும். விம்ஸ்டர்னு லண்டன்ல ஒரு நோய்க்குறியியலாளர் இருந்தார். அவர் பார்த்தது ரொம்ப விசித்திரம். இந்த நோயுள்ள தோலை எடுத்துத் தொடையில ஒட்டினா நாளாவட்டத்துல சாதாரணத் தோலாயிடுது. தொடையோட நல்ல தோலை எடுத்து இங்க ஒட்டினா அதுக்கும் நோய் வந்துடுது! அந்தக் காலத்துல பிறப்புறுப்புத் தோலையே வெட்டி எடுத்துட்டு ஒட்டுத்தோல் வெச்சிருக்காங்க. ஒட்டுத்தோல்லயும் திரும்ப வந்திருக்கு. எத்தனை பெண்களை வீணா வெட்டினாங்களோ.

அப்ப தோல் மட்டும் குற்றவாளி இல்லை. அந்த இடத்துல என்ன இருக்கு? ஈரம், உரசல், மூத்திரம், மடிப்பு.


வியாழன்ஓபி · புதன், மதியம் 1:40

ஆண்களிடம் இன்னும் தெளிவாகத் தெரிகிறது. பிறந்ததும் சுன்னத் செய்யப்பட்டவர்களுக்கு இது அபூர்வம். முன்தோலுக்குள் தேங்கும் சிறுநீர்த் துளிதான் தோலை ஓயாமல் அரிக்கிறது என்று லண்டனில் கிறிஸ்டஃபர் பங்கர் வருடக்கணக்காக வாதாடி வருகிறார். பெண்களுக்கு ஆசனவாயையும் சுற்றி '8' என்ற எண்ணின் வடிவத்தில் பரவும், ஆண்களுக்கு ஆசனவாய்ப் பக்கம் வருவதே அரிது. பெண்களுக்கும் சிறுநீர்தான் காரணம் என்று அப்படியே தூக்கிப் போட முடியாது. ஆனால் ஈரம் எரிச்சலைக் கூட்டும் என்பதை ஓபியில் வாராவாரம் பார்க்கிறேன்.

மல்லி, உங்கள் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. முதன்முதலில் எது தொடங்கி வைத்தது என்பது ஒன்று. இன்றைக்கு எது கிளப்புகிறது என்பது இன்னொன்று. முதலாவதற்கு என்னிடம் பதில் இல்லை. இரண்டாவது உங்கள் நோட்டிலேயே இருக்கலாம்.


திண்ணைமல்லி · புதன், இரவு 10:05

மறுபடியும் நோட்டை எடுத்துட்டு உட்கார்ந்தேன். இந்தத் தடவை சாப்பாட்டுப் பத்தியை மறைச்சுட்டேன். எப்ப அதிகமாச்சுன்னு மட்டும் பார்க்காம எப்ப குறைஞ்சதுன்னும் பார்த்தேன். இதுவரைக்கும் அதைப் பார்க்கவே தோணல. செலவை மட்டும் பார்த்து வரவைப் பார்க்காம இருந்திருக்கேன்!

நாலு வருஷத்துல ஒன்பது தடவை நல்லா குறைஞ்சிருக்கு. ஒவ்வொண்ணும் பத்துப் பன்னெண்டு நாள். ஒன்பது தடவையும் தெருமுனை மெடிக்கல்ல பூஞ்சைக்குன்னு கேட்டு வாங்கின கிரீம் போட்டிருக்கேன். போட்டா குறையும், விட்டா ஒரு மாசத்துல திரும்பும். அதனாலதான் பூஞ்சைன்னே நம்பினேன்.


கண்ணாடித்தகடு · புதன், இரவு 10:12

அந்த டியூபைத் திருப்பிப் பின்பக்கம் என்ன எழுதியிருக்குன்னு படிங்க.


திண்ணைமல்லி · புதன், இரவு 10:31

லென்ஸ் வெச்சுப் படிச்சேன். நாலு மருந்து பேர் இருக்கு. ஒண்ணு க்ளோபெட்டசால்ங்கற ஸ்டீராய்டு. இப்ப தோல் டாக்டர் எழுதிக் கொடுத்திருக்கிறதும் அதேதான்.

நாலு வருஷமா மருந்து என் பீரோவிலயே இருந்திருக்கு.


வியாழன்ஓபி · புதன், இரவு 11:20

இதை எத்தனை பேரிடம் பார்க்கிறேன் தெரியுமா? பூஞ்சை மருந்து, கிருமி மருந்து, ஸ்டீராய்டு மூன்றையும் ஒரே டியூபில் போட்டு விற்கிறார்கள். ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018இல் 14 களிம்புகளை எச் அட்டவணையில் சேர்த்தார்கள். சீட்டு கேட்கும் கடை எத்தனை? இந்தக் கலவை படர்தாமரைக்குப் போனால் படர்தாமரையை மறைத்து வளர்க்கும். உங்கள் நோயில் அரையும் குறையுமாக அடக்கி, கண்டுபிடிப்பதைத் தள்ளிப்போட்டது.

வேம்பும்மஞ்சளும் சொன்ன நாத்தனார் கதை உண்மையாகவே இருக்கும். முகத்தோல் மெல்லியது, அங்கே இந்த ஸ்டீராய்டு போடவே கூடாது. பிறப்புறுப்பில் இந்த நோய்க்கு இதுதான் முதல் மருந்து. ஒரே மருந்து, இடம் வேறு.


வேம்பும்மஞ்சளும் · வியாழன், காலை 8:00

சரி, படிகாரம் சொன்னது தப்புன்னே வெச்சுக்குவோம். ஆனா ஆயுசு முழுக்க ஸ்டீராய்டு போட்டா தோல் மெலியாதா? ஏற்கெனவே மெலிஞ்ச தோல்னு அக்காவே சொன்னாங்களே. லேசர் வந்திருக்காம், ஒரே தடவையில முடிஞ்சிடுமாம்.


வியாழன்ஓபி · வியாழன், இரவு 9:15

நியாயமான கேள்வி. சிட்னியில் 507 பெண்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்து 2015இல் எழுதினார்கள். சொன்னபடி களிம்பு போட்டு வந்தவர்கள் 357 பேர், அவர்களில் ஒருவருக்கும் அங்கே புற்றுநோய் வரவில்லை. விட்டு விட்டுப் போட்ட 150 பேரில் ஏழு பேருக்கு வந்தது. தழும்பும் ஒட்டுதலும் ஒழுங்காகப் போட்டவர்களுக்கு மிகக் குறைவு. தோலை மெலிய வைப்பது அடக்கப்படாத நோய்தான். அளவோடு போட்டால் களிம்பு அந்தத் தோலைத் தேற்றும். லேசரை, லேசர் போடுவது போல பாவனை மட்டும் காட்டிய குழுவோடு ஒப்பிட்டு 2021இல் ஓர் ஆய்வு வந்தது. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. விளம்பரம் மட்டும் நிற்கவில்லை.


பனங்காய்ப்பணியாரம் · வியாழன், இரவு 10:40

டொக்டர், பெரியபிள்ளை ஆனாப் பிறகு தானாப் போயிடும் எண்டு இஞ்ச ஒருத்தர் சொன்னவர். உண்மையோ?


வியாழன்ஓபி · வியாழன், இரவு 10:55

முன்பு அப்படித்தான் நம்பினோம். தொடர்ந்து பார்த்ததில் பலருக்கு அரிப்பு அடங்கினாலும் நோய் உள்ளே நீடிக்கிறது. பூப்பெய்திய பிறகும் வருடத்துக்கு ஒரு முறையாவது காட்டுங்கள். கிளினிக்கில் உங்களைக் கேட்டது அவர்கள் கடமைதான். ஆனால் கேட்பவருக்கு இந்த நோயும் தெரிந்திருக்க வேண்டும். உங்கள் மாமனாரிடம் நோயின் பெயரை எழுதிக் காட்டி யாராவது விளக்கினார்களா?


பனங்காய்ப்பணியாரம் · வியாழன், இரவு 11:02

இல்லை. ஒருத்தரும் சொல்லேல்லை. நான் சொல்லுறன்.


திண்ணைமல்லி · சனி, இரவு 9:20

மூணு நாளா எழுதல. தைராய்டு ரிசல்ட் வந்தது. டி.எஸ்.எச். 11, அதாவது தைராய்டு சரியா வேலை செய்யல. மாத்திரை ஆரம்பிச்சாச்சு. தைராய்டு சரியானா இதுவும் போயிடுமான்னு கேட்டேன். போகாது, ரெண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைங்க, ஆனா தனித்தனி சுபாவம்னாங்க.

குடும்பத்துல யாருக்காவது இருக்கான்னு டாக்டரம்மா எழுதினதுலேருந்து மண்டைக்குள்ள ஓடிட்டே இருக்கு. எங்க அம்மா தினமும் சாயங்காலம் கொல்லைப்புறத்துல அகலமான பேசின்ல வெந்நீர் ஊத்தி உட்காருவாங்க. தேங்காய் எண்ணெய்க் கிண்ணம் ஒண்ணு தனியா இருக்கும், அதை நாங்க தொடக்கூடாது. கடைசி வருஷம் அங்க ஒரு புண் ஆறவே இல்லை. ஆஸ்பத்திரிக்குக் கூப்பிட்டா, "அந்த இடத்தைப் போய் எவன்கிட்ட காட்டறது"ன்னாங்க. 68 வயசுல போயிட்டாங்க. என்ன நோய்னு எங்களுக்குத் தெரியாது. இனிமே தெரியவும் போறதில்லை.

நேத்து கும்பகோணத்துல இருக்கற அக்காவுக்கு போன் பண்ணினேன். சுத்தி வளைக்காம, "உனக்கு அங்க அரிப்பு இருக்கா"ன்னு கேட்டேன். அவ பதில் சொல்லல. குக்கர் விசில் போடுது, அப்புறம் பேசறேன்னு வெச்சுட்டா. இன்னிக்குக் காலையில எந்த டாக்டர்னு மெசேஜ் பண்ணியிருக்கா.


வியாழன்ஓபி · சனி, இரவு 10:00

அம்மாவுக்கு என்ன இருந்தது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை அப்படியே உங்கள் டாக்டரிடம் சொல்லுங்கள். குடும்பத்தில் வேறு யாருக்காவதும் இந்த நோய் இருந்த பெண்களுக்கு அங்கே புற்றுநோய் சற்று அதிகம் என்று அந்த 1052 பேர் ஆய்விலேயே வந்தது. ஆறாத புண், தடிப்பு, கட்டி எது வந்தாலும் நாள் பார்க்க வேண்டாம். அக்காவுக்கும் இதைச் சொல்லுங்கள்.


மயிலைமாமி71 · ஞாயிறு, காலை 7:10

மல்லி, எனக்கு ரெண்டு பொண்ணு. ரெண்டு பேர்கிட்டேயும் நான் இதைச் சொன்னதில்லை. இன்னிக்கு மத்தியானம் வரா.


திண்ணைமல்லி · ஞாயிறு, இரவு 8:45

மாமி, சொன்னீங்களா?

நான் நோட்டை மாத்திட்டேன். ஆரம்ப இருப்பு யார் போட்டதுன்னு தெரியாத கணக்கு இது. எங்க ஆபீஸ்லயும் அப்படி ஒரு பழைய கணக்கு உண்டு, 1980கள்லேருந்து தூக்கிட்டே வர்றோம். ஆனா மாசாமாசம் எங்க போகுதுன்னு தெரியும். இந்த நாலு வருஷத்துல என்னைக் கிளப்பினது மூணு: டெட்டால் போட்டுக் கழுவினது, தேர்வு நேரத்துல பாத்ரூம் போகாம அடக்கி வெச்சு நனைஞ்சது, வெயில் காலத்துல ஸ்கூட்டியில நைலான் உள்ளாடையோட போனது. கத்தரிக்காய் நிரபராதி. நேத்து எண்ணெய்க்கத்தரிக்காய் வெச்சு மூணு வருஷ ஆசையைத் தீர்த்தாச்சு.

ஒரு சந்தேகம். 30 கிராம் டியூப் கொடுத்தாங்க. முதல் மாசம் தினமும் ராத்திரி, ரெண்டாம் மாசம் ஒண்ணுவிட்டு ஒரு நாள், மூணாம் மாசம் வாரத்துக்கு ரெண்டு நாள்னாங்க. ஆரம்பிச்சு ஏழு வாரமாச்சு, ரிப்போர்ட் வர்றதுக்கு முன்னாடியே, சதை எடுத்த இடம் ஆறினதும் போட ஆரம்பிச்சுட்டேன். டியூப் முக்காவாசி அப்படியே இருக்கு.


கண்ணாடித்தகடு · ஞாயிறு, இரவு 9:00

ஒரு தடவைக்கு எவ்வளவு எடுக்கறீங்க?


திண்ணைமல்லி · ஞாயிறு, இரவு 9:04

கடுகளவு. பயமா இருந்தது.


வியாழன்ஓபி · ஞாயிறு, இரவு 9:30

பட்டாணி அளவு, அரை கிராம். அந்த டியூப் மூன்று மாதத்துக்குத்தான். கடுகளவு போட்டால் அது அந்த மெடிக்கல் ஷாப் கிரீம் மாதிரிதான், அரைகுறை. அடுத்த தடவை போகும்போது டியூபையும் கையோடு எடுத்துப் போய் டாக்டரிடம் காட்டுங்கள். எடை பார்த்தே அவர்களுக்குப் புரிந்துவிடும்.


மயிலைமாமி71 · ஞாயிறு, இரவு 9:55

சொல்லிட்டேன். பெரியவ ஒண்ணும் பேசலை. சின்னவ, "மீசைக் களிம்பு கதையை முதல்லேருந்து சொல்லும்மா"ன்னா.